மூன்றாம் நாள் மோர்க்குழம்பு

12 ஜூன், வியாழன்

மேடவாக்கம் வந்து சேர்ந்தேன். குரு தாம்பரம் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். எனக்கு வலது கண்ணில் புரை, சனிக்கிழமை ஆபரேஷன். பத்து நாள் மகன் வீட்டில் இருந்துவிட்டு மாயவரம் திரும்புவதாக ஏற்பாடு. பையைத் தூக்கிய குரு, "என்னப்பா, உள்ள எல்லைக்கல்லா வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். முப்பத்தாறு வருடம் சர்வே துறையில் இருந்தவனிடம் செய்கிற கேலி. பத்து நாளைக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் எடுத்து வந்தேன். எட்டு வேட்டி, மார்கழிக்கான ஸ்வெட்டர், வீட்டுப் பத்திரம், ரேஷன் அட்டை, மனைவி அபிராமியின் படம். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. படத்தை மட்டும் பூட்டிய வீட்டில் விட்டு வர மனமில்லை.

மருமகள் பிரதீபா நாகர்கோவில் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் இங்கே ஒரு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. அவள் பேச்சில் கால்வாசி எனக்குப் பிடிபடுவதில்லை, தலையை ஆட்டிவைக்கிறேன்.

மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததை இவர்களிடம் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் இல்லை. பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை மூன்று மணி நேரம் கிடந்தேன், அவ்வளவுதான்.

13 ஜூன், வெள்ளி

விசேஷம் ஒன்றுமில்லை. லிஃப்டில் மாடி தவறி இறங்கி, யாரோ வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

14 ஜூன், சனி

ஆபரேஷன் ஆயிற்று. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம். சாப்பாட்டுக்கு மோர்க்குழம்பு.

நாளைக்கு எழுதுகிறேன். கட்டு உறுத்துகிறது.

15 ஜூன், ஞாயிறு

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி. நாலு வேளை சொட்டு மருந்து. குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது.

மோர்க்குழம்பு விஷயம். எங்கள் வீட்டு வழக்கத்தை எழுதி வைக்காவிட்டால், பிறகு படிக்கும்போது எனக்கே நான் கிறுக்கன் என்று தோன்றும்.

மாயவரத்தில் ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரியில் துலா முழுக்கு. ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகிறோம் என்று மூட்டையோடு வரும் உறவுக்காரர்கள் மாதக் கடைசியில் வரும் கடைமுழுக்கு வரை நகர மாட்டார்கள். வா என்று அழைத்த வாயால் போ என்று சொல்ல முடியுமா? என் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். இலையில் மோர்தானே கடைசி? அந்த மோரே குழம்பாக வந்துவிட்டால் விருந்து முடிந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அன்றைக்கு மட்டும்தான் மோர்க்குழம்பு. மற்ற நாளில் அந்தப் பேச்சே கிடையாது. உறவில் எல்லோருக்கும் இது தெரியும். குழம்பைப் பார்த்ததும், "நாளைக்கு ஏழேகால் வண்டி உண்டுல்ல?" என்பார்கள். "அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பாள் அம்மா. மறுநாள் கூடம் காலியாகிவிடும். அம்மாவுக்குப் பிறகு அபிராமியும் இதே வழியில்தான் எத்தனையோ பேரை அனுப்பிவைத்தாள்.

நேற்று நான் ஒற்றைக் கண்ணோடு சாப்பிட உட்கார்ந்தேன். பிரதீபா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் தூக்கலாக, தேங்காயெண்ணெயில் தாளித்து, வெள்ளரிக்காய் போட்டு. எங்கள் ஊர்ப் பக்குவம் இல்லை. ஆனால் மோர்க்குழம்புதான், சந்தேகமில்லை. வந்த மூன்றாம் நாள்! விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு விருந்து முடிந்துவிட்டது, மருந்து மட்டும் நாலு வேளை பாக்கி.

"கொள்ளாமா மாமா?" என்றாள். நன்றாக இருக்கிறதா என்று அவர்கள் ஊரில் கேட்பது அப்படித்தானாம். தலையை ஆட்டினேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இந்த வழக்கம் நாகர்கோவில்காரிக்கு எப்படித் தெரியும்? குரு சொல்லாமல் தெரிய வழியில்லை. குரு சொல்லியிருக்கிறான் என்றால், மேற்கொண்டு யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

16 ஜூன், திங்கள்

ஒன்றும் புரியவில்லை. குளியலறையில் இன்று ஒரு ஆள் வந்து சுவரில் கைப்பிடி பொருத்தினான். தரையில் ரப்பர் விரிப்பு. யாருக்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான் மாமா, எல்லாரும் வைக்காங்க" என்றாள் பிரதீபா. என் மாயவரம் வீட்டின் முன்பகுதியில் குடியிருக்கும் லோகநாதன் இப்போதெல்லாம் குருவுடன் அடிக்கடி போனில் பேசுகிறான் போலிருக்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. வாடகை விஷயமாக இருக்கலாம்.

போகிற ஆளுக்கு யாராவது கைப்பிடி வைப்பார்களா? ஒருவேளை வீட்டை விற்கப் போகிறார்களோ என்னவோ.

18 ஜூன், புதன்

மறுபடியும் மோர்க்குழம்பு. இந்தத் தடவை சேனைக்கிழங்கு.

ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விடலாம். எங்கள் துறையில் ஆக்கிரமிப்புக்காரனுக்கு இரண்டாம் நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. அதற்குப் பிறகும் அசையாமல் இருப்பவனைப் பற்றி நானே எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன்! சூடு சொரணை இல்லாதவன் என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது. அதனால் டீக்கடையில் சொல்வோம்.

நோட்டீஸ் கொடுத்தவள் மூன்று தரம் ஊற்றினாள். எனக்கு ருசி பிடித்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

19 ஜூன், வியாழன்

மானஸ்தனாக நானே முந்திக்கொள்வோம் என்று தீர்மானித்தேன். காலையில் காபி குடிக்கும்போது குருவிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்னு இருக்கேன்டா."

"அதுக்குள்ள என்னப்பா அவசரம்?" என்றான்.

அம்மா சொல்லும் அதே வாக்கியம். வார்த்தை பிசகவில்லை. மோர்க்குழம்பு வைத்த மறுநாள் இப்படிச் சொல்வதும் வழக்கத்தில் ஒரு பகுதிதானே? நிஜமாக இருக்கச் சொல்கிறானா, மரியாதைக்குச் சொல்கிறானா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் கண்ணில் அப்போதுதான் மருந்து விட்டிருந்தது. எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது.

மத்தியானம் படுத்தபடி, எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு சாப்பிட்டுக் கிளம்பியவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். திருவெண்காட்டுப் பெரியப்பா. சதா இருமிக்கொண்டே இருந்த ஒன்றுவிட்ட மைத்துனன். ஜாதகக் கட்டோடு வந்து இரண்டு மாதம் தங்கிய ஜோசியர். யாரும் முகம் கோணியதில்லை. இன்னொருவரும் உண்டு. அது அபிராமி செய்தது.

20 ஜூன், வெள்ளி

என் கூடப்பிறந்த அக்கா தையல்நாயகி சீர்காழியிலிருந்து போன் செய்தாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். மருந்து விடும் நேரம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் நான் எப்போதும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது?

மருந்து விடும் நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

21 ஜூன், சனி

கண் பரிசோதனை. பிரதீபாதான் ஆட்டோவில் கூட்டிப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, "பிரமாதமா இருக்கு. தாராளமா ஊருக்குப் போகலாம். சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். பிரதீபா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குரு, "டாக்டர் என்ன சொன்னாருப்பா?" என்றான்.

"இன்னும் ரெண்டு வாரம் பிரயாணம் கூடாதாம்."

என் வாய்தான் அப்படிச் சொன்னது. ஏன் சொன்னது என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகுதான் பக்கத்தில் பிரதீபா நிற்பது நினைவுக்கு வந்தது. அறுபத்தெட்டு வயதில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். காது சுட்டது.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குருவிடம், "ஆமா, ரெண்டு வாரம்னாரு. மூணுன்னாலும் நல்லதுதான்னாரு" என்றாள்.

நான் பொய் சொன்னது சரி. அவள் எதற்குச் சொன்னாள்? போகச் சொல்கிறவள் போகாதபடி ஏன் சாட்சி சொல்கிறாள்? இந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் கூடி வரவில்லை.

22 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு எல்லாம் உடைந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். பிரதீபா மூடியைத் திறந்தாள். மோர்க்குழம்பு, பழுத்த மாம்பழம் போட்டு. ஒன்பது நாளில் மூன்றாம் தடவை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டைத் தள்ளினேன்.

"எத்தனை தடவைம்மா சொல்லுவ? ஒரு தடவை வச்சாலே புரிஞ்சுக்கிற ஆளு நான். நேத்து டாக்டர் சொன்னதா நான் சொன்னது பொய்தான். அதுக்காக மறுநாளே வைக்கணுமா? நாளைக்கே கிளம்பறேன், போதுமா?"

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன சொல்லுதீங்க மாமா? எனக்கு ஒண்ணும் மனசிலாகல. கொழம்பு கொள்ளாதா?"

"நல்லா நடிக்கிறேம்மா" என்றேன். இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

குரு எழுந்து நின்றுவிட்டான். "என்னப்பா பேசறீங்க? அவ ரெண்டு நாள் முன்னாடியே தயிர் வாங்கி வெளியில வச்சுப் புளிக்க விடறா. ஃபோன் பண்ணி அவங்க அம்மாகிட்ட பக்குவம் கேட்கறா. உங்களுக்கு மோர்க்குழம்புன்னா உயிருன்னு நான்தான் சொன்னேன்!"

"எனக்கு மோர்க்குழம்பு உயிருன்னு உனக்கு யார்டா சொன்னது?"

"யார் சொல்லணும்? சின்ன வயசுல நீங்க சிரிச்சு நான் பார்த்ததே மோர்க்குழம்பு வைக்கிற அன்னைக்குத்தான். மத்த நாளெல்லாம் ஆபீஸ், கோபம், வரைபடம். அன்னைக்கு மட்டும் என்னை சைக்கிள்ல வச்சுக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவீங்க. விசிலடிப்பீங்க. அதைத்தான் இவகிட்ட சொன்னேன். அப்பா எப்பவும் உம்முனு இருக்காரு, மோர்க்குழம்பு வச்சுப் பாருன்னு."

ஆள் கிளம்பப் போகிறான் என்ற சந்தோஷத்தில் நான் சிரித்திருக்கிறேன். அதைப் பார்த்துக் குழம்புதான் காரணம் என்று ஒரு பிள்ளை இருபத்தைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். குழந்தைகள் விருந்தாளி முன்னால் உளறிவிடும் என்று இந்த வழக்கத்தை அவன் காதில் யாரும் போட்டதில்லை. பிறகு அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். இது எனக்கு மறந்தே போயிருந்தது.

வழக்கத்தை அவர்களுக்குச் சொன்னேன். பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். "அய்யோ மாமா, ஆபரேஷன் அன்னைக்கேவா நான் உங்களைப் போகச் சொன்னேன்! எங்க ஊர்ல வீட்டுக்கு வந்தவங்களுக்கு இதாக்கும் முதல்ல வைப்பாங்க." அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் திட்டுவார் என்றாள் அவள்.

அப்போதுதான் குரு, சிரித்துக்கொண்டே, ஒன்றும் அறியாமல் அதைச் சொன்னான்.

"ஆனா ஒரே ஒரு தடவை நீங்க சிரிக்கலப்பா. அத்தை வந்திருந்தாங்களே, மாமா செத்துப் போனதுக்கு அப்புறம். அத்தைக்கு நீங்களே எழுந்து போய் ரெண்டாந்தரம் ஊத்தினீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. காலையில எழுந்து பார்த்தா அத்தை..."

பாதியில் நிறுத்திவிட்டான். பிரதீபா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

23 ஜூன், திங்கள்

19ஆம் தேதி எழுதியது தவறு. அது அபிராமி செய்தது அல்ல.

அக்கா வந்தது தொண்ணூற்று ஒன்பதில். அத்தான் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். நாற்பத்தோரு நாள் இருந்தாள். வீடு அப்பா பெயரில் இருந்தது. ஊரெல்லாம் பாகப்பிரிவினைக்குச் சங்கிலி பிடித்து அளந்தவன் நான். அவள் இங்கேயே தங்கிவிட்டால் ஒருநாள் பங்கு கேட்பாள் என்று எனக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. அவள் கேட்கவே இல்லை. அந்த எண்ணம் அவளுக்கு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

அபிராமியிடம் சொன்னேன். "இந்த வீட்டுல பொறந்த பொண்ணுக்கா அதை வைக்கறது? என்னால முடியாது" என்றாள். நான்தான் கடைத்தெருவுக்குப் போய்த் தயிர் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தேன். அவள் அழுதுகொண்டே தாளித்தாள்.

அக்காவுக்குப் புரியவில்லை, அவளுக்கே போக வேண்டும் என்று தோன்றியது, போனாள் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒன்பது நாள் நான் பட்ட பாட்டை நினைத்தால், அவள் அந்தச் சோற்றை எப்படித்தான் விழுங்கினாளோ!

25 ஜூன், புதன்

சீர்காழிக்குப் போய்வருகிறேன் என்று சொன்னேன். குரு ஏன் என்று கேட்கவில்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்தான்.

"டாக்டர் ரெண்டு வாரம் சொன்னாரே மாமா" என்றாள் பிரதீபா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"அவர் என்ன சொன்னார்னுதான் உனக்கே தெரியுமேம்மா" என்றேன்.

அவள் பெரிய பையை எடுக்கவிடவில்லை. "அது இங்க இருக்கட்டும். சின்னப் பை ஒண்ணு தாறேன். ரெண்டு வேட்டி போதும். பொறவு இங்கதானே வரப் போறீங்க?" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதிமூன்று நாளாகத் தவித்தேன். கிடைத்த பிறகு அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

26 ஜூன், வியாழன். சீர்காழி

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. சத்துணவுக் கூடத்தில் சமைத்துச் சமைத்தே அக்கா இதைப் பிடித்திருக்கிறாள். எழுபத்து மூன்று வயது. கறுப்புக் கண்ணாடியோடு என்னை வாசலில் பார்த்ததும், "வாடா சபா. என்ன, போலீஸ்காரன் மாதிரி வந்து நிக்கறே?" என்றாள்.

காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு மோர்க்குழம்பு வச்சோமே. உனக்குப் புரிஞ்சுதா?"

"புரியாம? அம்மாவுக்குத் தேங்கா அரைச்சுக் கொடுத்தவளே நான்தானேடா."

"அப்புறம் எதுக்கு ரெண்டாந்தரம் வாங்கிக்கிட்டே?"

"நீ ஊத்த வந்தே. கை நடுங்குச்சு. வேணாம்னு தடுத்தா நீ கொட்டிக்குவியேன்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"வாயால சொல்லக் கூடாதுன்னுதானே குழம்பா வச்சீங்க? நான் மட்டும் வாயால கேட்டா நல்லாவா இருக்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்வது போலச் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தப்புக்கா என்றேன். ம் என்றாள். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மாயவரம் வீட்டுக்கு வந்துவிடு, பாதி உன்னுடையது, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "தனியா இருக்கப் பயமா இருக்குக்கா" என்றேன். இதை நான் குருவிடம்கூடச் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. பழகிருச்சு" என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "நான் வரலடா. வாடகை வீடுதான், மழை பேஞ்சா ஒழுகும். ஆனா இந்த அடுப்பு என்னுது. இதுல இன்னிக்கு என்ன கொதிக்குதோன்னு நான் பயந்து எட்டிப் பார்க்க வேண்டியதில்ல."

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. எழுந்து போகவும் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு உலையில் அரிசியைப் போட்டாள். ஒரு ஆளுக்கா இரண்டு ஆளுக்கா என்று நான் பார்த்தேன். இரண்டு ஆளுக்குத்தான்.

"நீயே சொல்லிடுக்கா. நான் எத்தனை நாள் இருக்கலாம்?"

"நான் சொல்ல மாட்டேன்டா" என்றாள் அக்கா. "அந்த வேலை எனக்கு வராது."